பாலு லேகுண்டா

ஐதராபாத்தில் இருக்கும் என் பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. வேலை பிடித்திருக்கிறது, ஹாஸ்டல் சாம்பார் பிடிக்கவில்லை, புதிதாக இரண்டு சட்டை தைத்துக்கொண்டாய், எல்லாம் படித்தேன். கடைசியில் உன் வேலை என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தாய். உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீர், ஒரு கண்ணாடிப் பாத்திரம், அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் கம்பிக்கூடை, கூடைக்குள் மாத்திரை. முப்பது நிமிஷத்தில் கரைந்துவிட்டால் மாத்திரை பாஸ். கரைந்துவிட்டால் போதும் நான்னா, அப்புறம் அது பாட்டுக்கு உடம்பில் வேலை செய்யும் என்று எழுதி, இதெல்லாம் இந்தக் கிழவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்பதுபோல ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் கம்பவுண்டராகக் குப்பை கொட்டியவனுக்கு நீ மருந்து கரைவதைச் சொல்லிக்கொடுக்கிறாய். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த ‘போதும்’ என்ற இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போதாதுடா. அது போதாது என்று எனக்குத் தெரிந்த விதத்தை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுத ஆரம்பித்து மூன்று தரம் கிழித்துப் போட்டேன்.

இதுவரை நான் உனக்கு எழுதியதெல்லாம் தெலுங்கில். இது தமிழில் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பாய், கொஞ்சம் எரிச்சலும் வந்திருக்கும். மெதுவாகப் படி. உனக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தவள் உன் அம்மா. நான் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டால் ஸ்லேட்டை முந்தானையால் அழித்துவிடுவாள், எனக்குத் தெரியும். வீட்டில் தமிழ் வேண்டாம், பிள்ளை நாளைக்கு வேலைக்கு அலைய வேண்டிவரும் என்று சட்டம் போட்டவன் நான். என் அப்பாவை நான் நம் பக்கத்துத் தமிழில் நைனா என்று கூப்பிட்டேன். நீ என்னைத் தெலுங்கில் நான்னா என்று கூப்பிட வேண்டும் என்று உன்னைத் திருத்தினேன். இதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே, சம்பந்தம் இருக்கிறது.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் புத்தூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். டாக்டர் சித்தூர்க்காரர், மிஷன் சபையில் வளர்ந்த தமிழர். மருந்து கலக்கும் ஆளுக்கு மருந்து எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நோயாளிகள் கூட்டம் குறைந்த பிறகு என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டு எதையாவது காட்டுவார். “கரையறது ஒரு வாசல்ப்பா. குடல் சுவரைக் கடக்கறது இன்னொரு வாசல். ரெண்டையும் தாண்டினாத்தான் ரத்தம். கரைஞ்சதெல்லாம் கடந்துடாது” என்பார். க்ஷயத்துக்கு வந்த ஸ்ட்ரெப்டோமைசின் தண்ணீரில் சர்க்கரையாகக் கரையும், ஆனால் வாய்வழியாகக் கொடுத்தால் குடல் சுவரைக் கடக்காது, வந்த வழியே போய்விடும், அதனால்தான் ஊசி. சீதபேதிக்கு நாம் கொடுக்கும் சல்ஃபா மாத்திரை அவ்வளவாகக் கரைவதும் இல்லை, கடப்பதும் இல்லை. அங்கே அதுதான் நல்லது, குடலிலேயே கிடந்து குடலைச் சுத்தம் செய்யும். இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம் சொல்வார். உன் காலேஜில் இதைப் பெரிய பெரிய பெயர் வைத்துச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அவர் சொன்ன இரண்டு வாசல்தான் தெரியும்.

அப்போது டெட்ராசைக்ளின் கேப்சூல் புதிதாக வர ஆரம்பித்திருந்தது. உள்ளே மஞ்சள் பொடி, வாயில் வைத்தால் கசப்பு. டாக்டர் ஒருநாள் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் தெளிய வைத்த சுண்ணாம்புத் தண்ணீர். ஒரு கேப்சூலைத் திறந்து பாதிப் பாதியாக இரண்டிலும் கொட்டிக் கலக்கினார். தண்ணீரில் பொடி கரைந்து மஞ்சளாகத் தெளிந்து நின்றது. சுண்ணாம்புத் தண்ணீரில் கலங்கி, திரிதிரியாகச் சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. “பாலிலயும் சுண்ணாம்புதான் இருக்கு. பாலோட குடுத்தா மருந்தை அது புடிச்சு வெச்சுக்கும். கரையவும் விடாது, கடக்கவும் விடாது. நம்ம ஜனங்க இங்கிலீஷ் மருந்து சூடுன்னு சொல்லி எல்லாத்தையும் பாலோடதான் குடுப்பாங்க. இதை மட்டும் ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயால சொல்லி அனுப்பு” என்றார். வாயால் சொல்வது என் வேலை, ஏனென்றால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்பவன் நான்தான். அந்த டம்ளரை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

ஆந்திர ராஜ்யம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் இங்கே, எந்த ஊர் அங்கே என்ற பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. திருத்தணி தாலுகா அப்போது நம் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது, அதை மதராஸ் பக்கம் சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். போர்டுகளில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் ஒருவன் தார் பூசுவான், தெலுங்கு எழுத்தின் மேல் இன்னொருவன் பூசுவான். வாரத்துக்கு ஒருநாள் கடையடைப்பு. என் வேலை அப்போது பர்மனென்ட் ஆகவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள், என்னை யாரும் தமிழ் பேசாதே என்று சொல்லவில்லை. ஒரு உத்தரவும் வரவில்லை. டாக்டர் ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றி இரண்டு பாஷையிலும் பேசிக்கொண்டுதான் இருந்தார். எல்லை பிரிக்கும்போது தமிழ்க் கம்பவுண்டரைத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்துவிடுவார்கள், கட்டிய வீடு போய்விடும் என்று நானாகவே பயந்து, நானாகவே ஒரு நாள் காலையிலிருந்து ஜன்னலில் தெலுங்கு மட்டும் பேச ஆரம்பித்தேன். எதிரே நிற்பவர் என் சொந்தக்காரராக இருந்தாலும் தெலுங்குதான். அதில் எனக்கு ஒரு மிடுக்கும் வந்துவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்படி ஆறு மாதம் போன பிறகு கன்னியம்மா வந்தாள். திருத்தணிப் பக்கத்துக் கிராமம், காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்கே பிறந்தவர்களுக்குத் தெலுங்கு தானாக வரும், அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. இடுப்பில் மூன்று வயசுப் பையன், முருகேசு. உனக்கும் அப்போது மூன்று வயசு. நெஞ்சில் சளி கட்டி மூச்சு விலா எலும்பு தெரிய இழுத்தது. தினமும் ஊசி போட்டுக்கொள்ள அவ்வளவு தூரம் வந்து போக முடியாது என்று டாக்டர் டெட்ராசைக்ளின் எழுதினார். நான் கேப்சூல்களைத் திறந்து, குழந்தை அளவுக்குப் பொடியைப் பிரித்து, காகிதத்தில் மடித்துப் பொட்டலங்களாகக் கட்டிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் சித்தூரிலிருந்து வந்த ஆபீஸ் ஆள் ஒருவர் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரிஜிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். என் பர்மனென்ட் பேப்பரில் ரிப்போர்ட் எழுத வந்தவர். அவர் காதில் விழட்டும் என்று கணீரென்று சொன்னேன்: “பாலு லேகுண்டா இய்யாலம்மா.”

பால் இல்லாமல் கொடுக்க வேண்டும் அம்மா. தெலுங்கில் இதைவிடச் சுத்தமாக யாரும் சொல்ல முடியாது. அவள் விழித்தாள். “இன்னா சொல்ற சாமி?” என்றாள். நான் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அதையே திரும்பவும், இன்னும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பாலு. லே. குண்டா. இப்போது அவள் முகம் தெளிந்து தலையாட்டினாள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். புரிந்துதான் இருந்தது. பாலுலே. குண்டா. பாலில் கலந்து, ஒரு குண்டா கொடுக்கச் சொல்கிறார் என்று அவள் காது தமிழில் கேட்டுக்கொண்டது. வாய் அகன்ற அந்தச் சின்னப் பாத்திரத்தை அவர்கள் வீட்டில் குண்டா என்றுதான் சொல்வார்கள். நம் வீட்டிலும் அப்படித்தான் சொன்னோம், நான் தெலுங்கன் ஆவதற்கு முன்பு.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தனியாக வந்தாள். இடுப்பு காலியாக இருந்தது. அன்றைக்கு டாக்டர் இல்லை, திருப்பதிக்குப் போயிருந்தார். பொட்டலம் மடித்த காகிதங்களை எல்லாம் நீவி அடுக்கி எடுத்துவந்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். “ஒரு பொட்டலம்கூட சிந்தல சாமி. நீ சொன்னாப்லயே பாலுல கலக்கி, நெதம் நாலு தபா, குண்டா குண்டாவா குட்த்தேன்” என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. “நடுவுல ரெண்டு நாளு கடையடைப்பு. பால் வரல. எங்கெங்கியோ போய் கேட்டுப் பாத்துட்டு தண்ணில கலக்கி குட்த்துட்டேன். அந்த ரெண்டு நாளு கொஞ்சம் கண்ண தெறந்தான், சோறு துன்றேன்னான். அப்பால பால் வந்துச்சு. வுட்டதுக்கும் சேத்து அதிகமா குட்த்தேன். திரும்பவும் மூச்சு இழுத்துக்கிச்சு. அந்த ரெண்டு நாளு பால் இல்லாம குட்த்தனே, அதனாலதான் போயிட்டானா?”

மருந்து வேலை செய்தது அந்த இரண்டு நாள்தான். கடையடைப்பு புண்ணியத்தில் இரண்டு நாள் அந்தப் பையனுக்கு வைத்தியம் நடந்தது, மிச்ச நாளெல்லாம் பொடி பாலோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்ச் சும்மா வெளியே வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜத்தைச் சொன்னால், ஏன் தமிழில் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்பார், ரிப்போர்ட் போகும், வேலை போகும். இவ்வளவும் ஒரு நொடியில் என் மண்டையில் ஓடியது. நான் வாயைத் திறந்து, “இருக்கலாம்மா” என்றேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த ஜன்னலில் நான் பேசிய முதல் தமிழ் வார்த்தை அதுதான். அவள் அந்தக் காகிதங்களைத் திரும்ப எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனாள்.

அந்தப் பையன் எப்படியும் போயிருப்பான் என்று நீ எனக்கு ஆறுதல் எழுதுவாய். எழுதாதே. நானே அதை எனக்கு ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூச்சு அவ்வளவு இழுத்த பிள்ளை பிழைப்பது கஷ்டம்தான். ஆனால் அவன் சோறு கேட்டான். அந்தச் சோற்றைத் தாண்டி என்னால் போக முடிந்ததில்லை. ரிப்போர்ட் நன்றாகப் போய் என் வேலை பர்மனென்ட் ஆயிற்று. கொஞ்ச காலத்தில் எல்லைத் தகராறும் தீர்ந்து, திருத்தணியோடு அவள் ஊரும் மதராஸ் பக்கம் போயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று ஆஸ்பத்திரியில் சிலர் அழுதார்கள், சிலர் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அவள் இந்த ஜன்னலுக்கு வரமாட்டாள், வேறு ராஜ்யத்து ஆள் ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். உன் அப்பன் இப்படிப்பட்டவன்.

அடுத்த வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தது ஞாபகம் இருக்காது. அதே மஞ்சள் பொடி. நான் குளித்துவிட்டு வரும்போது உன் அம்மா அதைப் பாலில் கலக்கி உன் வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நான் டம்ளரைத் தட்டிவிட்டேன். தட்டிய வேகத்தில் கை அவள் கன்னத்தில் பட்டது. பட்டது என்று எழுதுகிறேன் பார். அடித்தேன். அவள் அழவில்லை. “இன்னா ஆச்சு உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டாள். தரையில் ஓடிய பாலைத் துடைத்துக்கொண்டே, “கசக்குதேன்னு கலக்கினேன்” என்றாள். நான் வேறு பொடி எடுத்துத் தண்ணீரில் கலக்கி உனக்குக் கொடுத்தேன். பால் கண்டால் அவருக்கு ஆகாது என்று பிறகு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து நானும் பால் குடிப்பதில்லை, காபியும் பாலில்லாமல்தான். நீ சின்ன வயசில் என்னைக் கேலி செய்வாய், திருமலைக்குப் போனால் வாங்குகிற பால்கோவாவைக்கூட வேண்டாம் என்கிற ஒரே ஆள் எங்கள் நான்னா என்று. உன் அம்மா அந்த அடிக்குக் காரணம் தெரியாமலே செத்துப்போனாள். கடைசி வாரத்தில் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தூங்கிவிட்டாள், நானும் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன்.

கன்னியம்மாவைத் தேடிப் போக எத்தனையோ தரம் கிளம்பினேன். திருப்பதிக்கு மாற்றலான பிறகு ரொம்பச் சுலபம், ரேணிகுண்டாவில் வண்டி மாறினால் திருத்தணி. ஆனால் அந்த ஸ்டேஷனில் போர்ட்டர் ‘ரேணிகுண்டா, ரேணிகுண்டா’ என்று கூவும்போது அந்தப் பெயரின் வால் என் காதில் வேறு விதமாக விழும். இரண்டு தடவை அங்கிருந்தே திரும்பி வந்திருக்கிறேன். அப்படி இருபது வருஷத்தைத் தள்ளினவனுக்கு, உன் கடிதத்தில் ‘கரைந்துவிட்டால் போதும்’ என்று படித்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. என் பிள்ளையும் அதே ஜன்னலில் வந்து நிற்கிறானே என்று இருந்தது. அப்படியும் ஒரு மாதம் தயங்கி, முந்தாநாள் காலை வண்டியில் போனேன்.

ஊரில் இறங்கிக் கன்னியம்மா வீடு எது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ரொம்ப நாளைக்கு முன்னால் முருகேசு என்று ஒரு பையனைப் பறிகொடுத்த அம்மா என்றேன். “அட, பாலம்மாவா? அப்டி சொல்லு” என்றார் டீக்கடைக்காரர். பையன் போன பிறகு எப்படியோ ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டாளாம், அதிலிருந்து அவள் வீட்டில் பசு இல்லாத நாள் கிடையாதாம். ஊரில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கேட்காமலே பால் கொண்டுபோய்க் கொடுப்பாளாம், ஒரு பைசா வாங்கமாட்டாளாம். “மாத்திர எதுவா இருந்தாலும் பாலோடதான் குடுக்கணும்னு கறாரா நின்னு குடுக்க வெச்சிட்டுத்தான் வரும். தங்கமான மனுசி” என்றார். நான் அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தையை அவள் இருபது வருஷமாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

தொழுவத்தில் இருந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். “அந்தத் தெலுங்கு கம்பவுண்டரா?” என்றாள். எந்தப் பட்டத்துக்காக நான் எல்லாவற்றையும் செய்தேனோ, அதை அவள் வாயால் கேட்டேன்.

“தமிழன்தாம்மா நான்” என்றேன்.

“அப்ப அன்னிக்கி இன்னாத்துக்கு தெலுங்குல பேசின?”

“வேலைக்காக.”

“வவுத்துப் பொழப்பு” என்று சொல்லி, ஒரு மணையை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றுகொண்டே சொன்னேன். லேகுண்டா என்றால் இல்லாமல் என்று அர்த்தம். பால் இல்லாமல் கொடு என்றுதான் சொன்னேன். நீ பாலுலே குண்டா என்று எடுத்துக்கொண்டாய். பால் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. தண்ணீரில் கொடுத்த அந்த இரண்டு நாள்தான் சரி. நீ கேட்டபோது நான் இருக்கலாம் என்று சொன்னது பொய். “தப்பு உன்னுது இல்லம்மா, முழுக்க என்னுது” என்றேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

அவள் என் கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தாள். “இம்மாம் வெயில்ல, இந்த வயசுல, எனக்காவ வந்து சொல்றியே” என்றாள். “அன்னிக்கி ஊரு பூரா விதி விதின்னு சொல்லிச்சு. எங்க ஊட்டுக்காரரும் விதின்னாரு. நீ ஒருத்தன்தான் எம் மூஞ்சப் பாத்து நெசத்த சொன்ன. அத புடிச்சிக்கினுதான் நான் பொழச்சி கெடக்கறேன். இன்னொரு புள்ளைக்கு பால் இல்லாம போவக்கூடாதுன்னுதான் இந்த மாட்டக் கட்டிக்கினு கீறேன். இப்ப உனுக்கு வயசாயிடுச்சு, எம்மேல எரக்கம் வந்து பொய்யி சொல்ற.”

“பொய் இல்லம்மா. சத்தியமா.”

“பெத்தவ குட்த்த பாலு புள்ளைய கொல்லுமா?” என்று கேட்டாள். கோபமாக இல்லை, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். பொய் சொன்னபோது நம்பினவள் நிஜத்தைச் சொல்லும்போது நம்பவில்லை. உள்ளே போய் அப்போதுதான் கறந்து காய்ச்சிய பாலைக் கொண்டுவந்து நீட்டினாள். விளிம்பு நசுங்கிய பழைய குண்டா. இது அந்தக் குண்டாதானா என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? குடித்தேன். காலியாகும்வரை நின்று பார்த்து வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சொம்போடு வந்தாள். அவளுடைய மூத்த பையன் காய்ச்சலில் கிடக்கிறானாம், சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். முந்தானையில் முடிந்திருந்ததை வாங்கிப் பார்த்தேன். டெட்ராசைக்ளின். “தாயே, இதை பாலோட குடுக்காதே. தண்ணில குடு. மருந்துக்கு முன்ன ஒரு மணி நேரம், பின்ன ரெண்டு மணி நேரம் பால் வாணாம்” என்றேன். என் மீசையில் பால் ஆடை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கன்னியம்மா பக்கம் திரும்பினாள். “யாரு பெரிம்மா இவுரு?” என்றாள். “ஆந்திராவுலேர்ந்து வந்துகீறாரு, தெரிஞ்சவரு. வயசானவரு, ஏதோ மனசு சரியில்லாம பேசறாரு. நீ எடுத்துக்கினு போ. ஒரு வேளகூட வுடாம குடு” என்று சொல்லிச் சொம்பு நிறைய ஊற்றினாள் கன்னியம்மா.

நான் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸம்மா ஒருத்தி இருந்தாள், எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பிள்ளையின் வீட்டு அடையாளமும் சொன்னேன். சரி சார், சொல்லிடறோம் என்றாள். எதிலும் எழுதிக்கொள்ளவில்லை. மூன்று மணி வண்டிக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு இப்படிப் போயிருக்கும் என்று எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். எல்லா மருந்தும் பாலோடு கெட்டுப்போவதில்லை என்று உனக்குத் தெரியும். கொழுப்போடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும் மாத்திரைகூட உண்டு, அதற்குப் பால் நல்லதுதான். அதனால் அவள் பாலால் பல பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பிழைத்த பிள்ளைகள்தான் அவளுக்குச் சாட்சி, நான் எதைச் சொன்னாலும் அவர்களைக் காட்டுவாள்.

எனக்கு உபதேசம் செய்ய யோக்கியதை இல்லை. ஆனாலும் உன் கண்ணாடிப் பாத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அதில் மருந்து சுவரைக் கடக்க வேண்டியதில்லை. அதில் பால் இல்லை, அம்மா இல்லை, கடையடைப்பு இல்லை. அதில் பாஸ் ஆன மாத்திரை யாரோ ஒருத்தி கையில் போய்ச் சேர்கிறது, அவளுக்கு ஒருவன் அதை எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறான். உன் கம்பெனி டப்பாவுக்குள் வைக்கிற சீட்டு இங்கிலீஷில் இருக்கிறது, பார்த்தேன். மேலே எழுதிக் கேள், நம் பக்கத்து ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் நாலு வரி போடச் சொல். கேட்கமாட்டார்கள். கேள்.

இன்னொன்று கேட்கிறேன், இதுதான் முக்கியம். லீவு போட்டுவிட்டு உடனே வா. தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன், இதைத் தந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு கண்ணாடி டம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். சுண்ணாம்பும் தெளிய வைத்திருக்கிறேன். என் வாயை அவள் நம்பவில்லை, படித்த பிள்ளை வந்து கண்ணுக்கு எதிரே கலக்கிக் காட்டினால் நம்பலாம். நம்பினால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அந்த இரண்டு நாள் பால் இல்லாததற்காக அழுதவள், இனி மிச்ச நாள் கொடுத்த பாலுக்காக அழுவாள். நான் அவளிடமிருந்து பிள்ளையை எடுத்தேன், இப்போது அந்தப் பசுவையும் எடுக்கச் சொல்கிறேன். வேறு வழி தெரியவில்லை. அந்தத் தெருவில் ஒரு பிள்ளை கிடக்கிறது.

என்னைக் கூட அழைத்துப் போக வேண்டாம், நான் ஸ்டேஷனிலேயே இருந்துகொள்கிறேன். நீ போய் அவளிடம் தமிழில் பேசு. உனக்குத் தமிழ் தடுமாறும், நான் செய்த வேலை அது, தடுமாறினால் பரவாயில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் தடுமாறக் கூடாது. வண்டியில் வரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தாலும் வெட்கப்படாமல் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டே வா. இல்லாமல். பால் இல்லாமல். பால் இல்லாமல்.

நைனா